அந்த இரண்டு மார்க் கேள்வி

கேள்வி: வணக்கம் சார். எனக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் 2022-ல் மெக்கானிக்கல் முடித்தேன். இப்போது அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு, தெர்மல் பிரிவு. பிஎச்.டி.யைத் தொடரத் தேற வேண்டிய குவாலிஃபையிங் தேர்வை ஜனவரியில் எழுதினேன். கணிதத் தாளில் தேறிவிட்டேன். ஹீட் டிரான்ஸ்ஃபர் (வெப்பப் பரிமாற்றம்) வாய்மொழித் தேர்வில் தேறவில்லை. போர்டு முன்னால் நிற்கவைத்து, 'குழாய்க்கு இன்சுலேஷன் (வெப்பம் தடுக்கும் உறை) போட்டால் வெப்ப இழப்பு எப்போதும் குறையுமா?' என்று கேட்டார்கள். 'ஆமாம்' என்றேன். 'நிச்சயமாகவா?' என்றார் ஒருவர். அத்தோடு எனக்கு வாய் அடைத்துவிட்டது. மீதி நேரம் முழுக்க ஒன்றிரண்டு வார்த்தைதான் பேசினேன். ஆகஸ்டில் இன்னொரு வாய்ப்பு, அதுதான் கடைசி. பாடப்புத்தகத்தை முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி படித்து, கணக்குகளையெல்லாம் போட்டுக்கொண்டிருக்கிறேன். என் கைடு லேப் வேலையைக் குறைக்கவில்லை. தேறாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதானா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எப்படித் தயாராவது?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: முதலில் என்னை மன்னிக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன், உங்களைப் பார்த்து அல்ல. அந்தக் கேள்விக்கு விடை கிரிட்டிக்கல் ரேடியஸ், அதாவது இன்சுலேஷன் போடப் போட இழப்பு கூடுவது நின்று குறையத் தொடங்கும் எல்லை ஆரம். ஆறாம் செமஸ்டர் எச்.எம்.டி. (ஹீட் அண்ட் மாஸ் டிரான்ஸ்ஃபர்) தாளில், இரண்டு மார்க் கேள்விகள் வரும் பார்ட் ஏ-வில், சலிக்கச் சலிக்க வந்த கேள்வி. 'கிரிட்டிக்கல் ரேடியஸ் ஆஃப் இன்சுலேஷன் என்றால் என்ன?' என்று கேட்டிருந்தால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லியிருப்பீர்கள். நான் 2002-லிருந்து 2006 வரை அதே பல்கலைக்கழகத்தின் கீழ்தான் படித்தேன். எங்கள் காலத்தில் பெரிய கேள்விக்குப் பதினாறு மார்க், உங்கள் காலத்தில் பதிமூன்று. இரண்டு மார்க் கேள்வி மட்டும் இரண்டு மார்க்காகவே இருந்துவிட்டது.

ஆக, விஷயம் தெரியாமல் நீங்கள் தோற்கவில்லை. தெரிந்த ஆள்தான், வேறு சட்டை போட்டுக்கொண்டு எதிரே வந்தபோது அடையாளம் தெரியவில்லை. இதற்கு மறுபடி முதல் அத்தியாயத்திலிருந்து படிப்பது மருந்தே இல்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். அப்படியே போனால் ஆகஸ்டில் இன்னும் நிறையத் தெரிந்துகொண்டு, அதே இடத்தில், அதே மாதிரி வாயடைத்து நிற்பீர்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஏழெட்டு வருடமாக இந்தத் தேர்வுகளில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, நம் ஊர்ப் பிள்ளைகள் இப்படி நிற்பதைப் பார்த்து வருகிறேன்.

மேலே போவதற்கு முன் ஒரு பெயர்க் குழப்பம். இந்தத் தேர்வைப் பற்றி மற்றவர்கள் எழுதுவதை அப்படியே நம்பித் தயாராக வேண்டாம், ஏனென்றால் ஒரே பெயரில் வேறு வேறு தேர்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதலில் வரும் பாடத் தேர்வுக்கு பிரிலிம் என்று பெயர், பின்னால் ஆய்வை ஒட்டி வருவது குவாலிஃபையிங். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நேர் எதிர்: முதலில் குவால், பிறகு பிரிலிம். ஸ்டான்ஃபோர்டு எலெக்ட்ரிக்கல் துறையில் நீண்ட காலம் பத்துப் பேராசிரியர்களிடம் ஆளுக்குப் பத்து நிமிடம் போல அறை அறையாகப் போய் நிற்க வேண்டியிருந்தது. நம் ஐ.ஐ.டி.களில் காம்ப்ரிஹென்சிவ் என்பார்கள். உங்கள் துறையின் கிராஜுவேட் ஹேண்ட்புக்கில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு வேதம். அதில் இந்தத் தேர்வுக்கு உள்ள பக்கத்தை அச்செடுத்து மேசையில் ஒட்டுங்கள்.

சரி, போர்டுக்கே போவோம். 'நிச்சயமாகவா?' என்று கேட்ட அந்த நொடிக்கு.

தட்டையான சுவரிலிருந்து தொடங்கியிருக்கலாம். வெப்பம் வெளியே போக இரண்டு தடைகள்: இன்சுலேஷனைக் கடப்பது ஒன்று, அதன் வெளிப்பரப்பிலிருந்து காற்றுக்குத் தாவுவது இன்னொன்று. சுவரில் இன்சுலேஷன் தடிமன் ஆக ஆக முதல் தடை கூடும். பரப்பு மாறாததால் இரண்டாவது அப்படியே இருக்கும். எனவே சுவருக்கு உங்கள் 'ஆமாம்' சரியான பதில். குழாயில் கதை வேறு. மேலே சுற்றச் சுற்ற வெளி ஆரம் பெரிதாகிறது, காற்றைத் தொடும் பரப்பும் கூடுகிறது. முதல் தடை லாக் கணக்கில் மெதுவாக ஏறும். இரண்டாவது தடை ஆரம் இரட்டித்தால் பாதியாகும். ஆரம் சின்னதாக இருக்கும்வரை இந்த இறக்கம் அந்த ஏற்றத்தை முந்திவிடும். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டும் ஆரம்தான் நாம் மனப்பாடம் செய்த கே பை எச். கே என்பது உறையின் கடத்துத்திறன், எச் என்பது பரப்பிலிருந்து காற்றுக்கு வெப்பம் எவ்வளவு எளிதாகத் தாவுகிறது என்று காட்டும் எண்.

எண் போட்டுப் பாருங்கள். உறையின் கே 0.1, காற்றுக்கு எச் 10 என்றால் கிரிட்டிக்கல் ரேடியஸ் 1 செ.மீ. இப்போது 1 மி.மீ. ஆரமுள்ள கம்பி ஒன்று. வெறும் கம்பிக்கு ஒரு மீட்டர் நீளத்தில் தடை 15.9. வெளி ஆரம் 5 மி.மீ. ஆகும் வரை உறை போட்டால் உறையின் தடை 2.56, பரப்பின் தடை 3.18, மொத்தம் 5.7 சொச்சம். உறை போட்டதால் வெப்ப இழப்பு இரண்டே முக்கால் மடங்காகிவிட்டது! அதே உறையை 5 செ.மீ. ஆரமுள்ள நீராவிக் குழாய்க்கு 2.5 செ.மீ. தடிமனில் போடுங்கள்: தடை 0.32-லிருந்து 0.86-க்கு ஏறும், இழப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அலகை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நீங்களே போடுங்கள், தேர்வில் அதையும் கேட்பார்கள்.

இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். அந்த அறையில் ஏன் வரவில்லை? நம் ஊர் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளிக் கல்லூரியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் 'ஷ்யூரா?' என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தப்பு, பதிலை மாற்று. உடனே 'இல்லை சார்' என்று தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். இங்கே அந்த வார்த்தைக்கு அப்படிப் பொருள் இல்லை. சரியான பதிலுக்கும் நான் அதையே கேட்பேன். 'அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தாய், வழியைக் காட்டு' என்பதுதான் கேள்வி. தப்பு என்று சொல்லாமல் சொல்கிறார்கள் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அங்கேதான் வாய் அடைத்தது.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: 'சுவராக இருந்தால் நிச்சயம். குழாயில் வெளிப்பரப்பு கூடுவதால் யோசிக்க வேண்டும். இரண்டு ஓரங்களையும் பார்க்கிறேன்.' தடிமன் பூஜ்யம் என்றால் வெறும் குழாய். தடிமன் முடிவில்லாமல் போனால் லாக் ஏறிக்கொண்டே போகும், இழப்பு பூஜ்யத்தை நோக்கி இறங்கும். நடுவில் ஒரு மேடு இருக்கலாம். இருக்கிறதா என்று வகையிட்டுப் பார்க்கலாம். இவ்வளவு பேசியவருக்கு கே பை எச் ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு வரியில் வந்துவிடும். அடுத்து நிச்சயமாகக் 'கோளமாக இருந்தால்?' என்பார்கள். விடை இரண்டு கே பை எச். ஆனால் உண்மையான கண்ணி அது இல்லை. கோளத்துக்கு எவ்வளவு தடிமனாக இன்சுலேஷன் போட்டாலும் இழப்பு பூஜ்யத்துக்கு இறங்காது. ஏன் என்று ஒரு மாலை உட்கார்ந்து யோசியுங்கள். அசையாத காற்றில் உள்ள கோளத்துக்கு நஸ்ஸெல்ட் எண் (பரப்பிலிருந்து வெப்பம் தாவுவதை வெறும் கடத்தலோடு ஒப்பிடும் எண்) 2 என்று மனப்பாடம் செய்திருப்பீர்களே, அது எங்கிருந்து வந்தது என்பதும் அதிலேயே கிடைத்துவிடும்.

மேசையின் இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதையும் சொல்கிறேன். மாணவர் வெளியே போனதும் நாங்கள் மூன்று பேர் பத்து நிமிடம் பேசுவோம். 'எத்தனை கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னார்' என்று யாரும் எண்ணுவதில்லை. 'இவரிடம் ஒரு புதுப் பிரச்சினையைக் கொடுத்தால் எங்கே தொடங்குவது என்று தெரியுமா?', 'தப்பான பாதையில் போனால் தானாகத் திரும்புவாரா, நாம் இழுக்க வேண்டுமா?' இப்படித்தான் பேச்சு ஓடும். நன்றாகத் தெரிந்தும் தேறாதவர்களைப் பற்றி அடிக்கடி விழும் வாக்கியம்: 'அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் என்னால் அதைக் கேட்க முடியவில்லை.' பேசாமல் நிற்பவருக்கு நாங்கள் நினைத்தாலும் கைகொடுக்க முடியாது. எங்கே சிக்கியிருக்கிறார் என்று தெரிந்தால்தானே குறிப்புக் கொடுக்கலாம்? குறிப்பு கொடுத்தால் மார்க் போய்விடும் என்று சிலர் அதைக் காதில் வாங்காமல் நிற்பார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

எனக்கும் முதல் தடவை தேறவில்லை. ஜனவரி 2008. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் (பாய்ம இயக்கவியல்). 'விமான இறக்கை ஏன் தூக்குகிறது?' என்று கேட்டார் ஒரு பெரியவர். எனக்கு ஒரே குஷி. இறக்கையின் மேல்பக்கம் வளைவு, பாதை நீளம், மேலே போகும் காற்று வேகமாகப் போனால்தான் கீழே போன காற்றோடு பின்விளிம்பில் சேர முடியும், வேகம் கூடினால் அழுத்தம் குறையும், பெர்னூலி என்று கடகடவென்று ஒப்பித்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்: 'பின்விளிம்பில் சந்திக்க வேண்டும் என்று அந்த இரண்டு காற்றுத் துணுக்குகளும் பேசி வைத்துக்கொண்டிருந்தனவா?' எனக்கு ஒன்றும் ஓடவில்லை. 'காகித விமானத்தின் இறக்கை தட்டைதானே, அது ஏன் பறக்கிறது?' என்றார் அடுத்து. போர்டைப் பார்த்தபடியே நின்றேன். காலர் நனைந்துவிட்டது. பள்ளியிலிருந்து கேட்டு வந்த விளக்கம் தப்பு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அந்தத் துணுக்குகள் சந்திப்பதில்லை. மேலே போவது முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, அதற்கு எதிர்வினையாகத் தூக்கு விசை கிடைக்கிறது என்று அங்கிருந்து தொடங்கியிருந்தால் காகித விமானமும் பிடிபட்டிருக்கும்.

இரண்டாம் முறை வேறு கேள்வி. நான் எழுதிய முதல் சமன்பாட்டிலேயே குறி தப்பு. நான்கு வரி போனபின், 'ஒரு நிமிடம், இது சரியாக இருந்தால் வெப்பம் குளிர்ந்த பக்கத்திலிருந்து சூடான பக்கத்துக்குப் போகிறது, எங்கோ குறியை மாற்றிவிட்டேன்' என்று சொல்லிவிட்டு அழித்தேன். தேறிய பிறகு ஒரு பேராசிரியர் சொன்னார், அந்த இடத்தில்தான் முடிவு செய்தார்களாம். நான் நேர்த்தியாகப் போட்ட மற்ற இரண்டு கணக்குகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் பயிற்சி உட்கார்ந்து செய்வது இல்லை. நின்றுகொண்டு, போர்டில், வாய்விட்டு. வாரத்தில் நான்கு நாள், நாளைக்கு ஒரு மணி நேரம். உங்கள் துறையில் இந்தத் தேர்வு எழுதப்போகும் இரண்டு பேரைப் பிடியுங்கள். ஏற்கெனவே தேறிய சீனியர் ஒருவர் வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் இன்னும் நல்லது. ஒருவர் நிற்க, மற்றவர்கள் கேட்க வேண்டும். கேட்பவர்களுக்கு ஒரே விதி: எந்தப் பதிலுக்கும், சரியோ தப்போ, 'நிச்சயமாகவா?' என்று கேட்க வேண்டும். அந்த வார்த்தை உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடாக ஆகிவிட வேண்டும். முதல் இரண்டு வாரம் கேவலமாக இருக்கும். ஃபோனில் பதிவு செய்து கேட்டால் இன்னும் கேவலமாக இருக்கும், ஆனால் கேளுங்கள். எவ்வளவு நேரம் பேசாமல் நிற்கிறீர்கள் என்று அப்போதுதான் தெரியும். உள்ளே நிற்கும்போது ஐந்து நொடி மாதிரி இருப்பது கேட்டால் முக்கால் நிமிடம் இருக்கும்.

யாரும் இல்லாத நாளில் வீட்டுச் சாமான்களை வைத்துக் கேள்வி உண்டாக்குங்கள். டபராவில் ஆற்றினால் காபி ஏன் சீக்கிரம் ஆறுகிறது? விளையாட்டில்லை, முழு வாய்மொழித் தேர்வுக்குத் தாங்கும் கேள்வி இது. 200 கிராம் காபி 80 டிகிரியிலிருந்து 60-க்கு இறங்க எவ்வளவு வெப்பம் போக வேண்டும்? கிட்டத்தட்ட 17 கிலோஜூல். ஒரு கிராம் நீர் ஆவியாக 2.3 கிலோஜூல் வேண்டும். அப்படியானால் ஏழு கிராம் நீர், ஒன்றரை டீஸ்பூன் அளவு, ஆவியானாலே முழு வேலையும் முடிந்துவிடும். பாத்திரம் எடுத்துக்கொள்ளும் சூடு எவ்வளவு? தம்ளரில் அப்படியே வைத்தால் மேல்பரப்பில் ஆவி தேங்கி நிற்கும், ஆற்றும்போது என்ன ஆகிறது? உயரத்திலிருந்து ஊற்றினால் பரப்பு எவ்வளவு கூடும்? நுரை சூட்டைத் தடுக்குமா? எங்கள் பாட்டிக்கு இதற்கெல்லாம் விடை கையில் இருந்தது. நமக்குச் சமன்பாட்டில் இருக்க வேண்டும்.

இதில் ஒரு தடை வரும். நாம் டேட்டா புக் (சூத்திரங்களும் அட்டவணைகளும் அச்சிட்ட புத்தகம்) குழந்தைகள். எச்.எம்.டி. பரீட்சைக்கு அதைக் கையோடு கொண்டுபோய், வேண்டிய கோரிலேஷன் (சோதனையிலிருந்து வந்த சூத்திரம்) எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு திருப்புவோம். அதனால் எந்த எண்ணும் மண்டையில் இல்லை. குவாலிஃபையிங்கில் டேட்டா புக் கிடையாது, 'தோராயமாக எவ்வளவு?' என்றால் சொல்லத் தெரிய வேண்டும். அதிகம் வேண்டாம், ஒரு அஞ்சலட்டையில் அடங்கும். கடத்துத்திறன்: காற்று 0.026, தண்ணீர் 0.6, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 15, சாதா இரும்பு 50, தாமிரம் 400. பிராண்டில் எண் (உராய்வு பரவுவதையும் வெப்பம் பரவுவதையும் ஒப்பிடுவது): காற்று 0.7, தண்ணீர் 7. காற்றின் கைனமேட்டிக் விஸ்காசிட்டி (உராய்வு எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதன் அளவு) 1.5 பெருக்கல் பத்தின் அடுக்கு மைனஸ் ஐந்து. எச்: தானாக அசையும் காற்றில் 5-லிருந்து 25, கொதிக்கும் நீரில் ஆயிரங்களில். இந்த எண்கள் கையில் இருந்தால், பயாட் எண்ணை (உள்ளே கடத்தலின் தடையை வெளியே தாவும் தடையோடு ஒப்பிடுவது) பார்த்து 'இந்தக் குண்டு முழுக்க ஒரே வெப்பநிலையில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்' என்று துணிந்து சொல்ல வரும். 12 மி.மீ. இரும்புக் குண்டு காற்றில் ஆறினால் பயாட் எண் ஆயிரத்தில் ஒன்று அளவு, பிரச்சினையே இல்லை. அதையே பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால்? கொல்லன் பட்டறையில் முக்குகிற மாதிரி? எச் 10,000-ஐத் தொட்டால் பயாட் எண் 0.1-ஐத் தாண்டி 0.4 ஆகிவிடும், பழைய அனுமானம் செல்லாது. கேட்பவர் அடுத்து அங்கேதான் வருவார்.

சூத்திரம் மறந்துபோனால் வருவித்துக்கொள்ளும் வழியும் பழக வேண்டும். தட்டையான தகட்டின் மேல் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று, ஒரு மீட்டர் தள்ளி பவுண்டரி லேயர் (உராய்வால் வேகம் குறைந்த காற்றுப் படலம்) எவ்வளவு தடிமன்? பிளாசியஸ் என்பவர் கண்ட சூத்திரம் நினைவில்லை என்று வையுங்கள். காற்று அந்த ஒரு மீட்டரைக் கடக்க 0.2 நொடி. அந்த நேரத்துக்குள் உராய்வின் தாக்கம் பக்கவாட்டில் எவ்வளவு தூரம் பரவும்? விஸ்காசிட்டியை நேரத்தால் பெருக்கி ரூட் எடுத்தால் 1.7 மி.மீ. உண்மையான விடை அதைப் போல ஐந்து மடங்கு, 8.7 மி.மீ. சூத்திரத்தில் முன்னால் நிற்கும் அந்த 5 மட்டும்தான் மனப்பாடம், மற்றதெல்லாம் யோசித்தே வந்துவிட்டது. ஜெர்மன் விஞ்ஞானி பிராண்டில் 1904-ல் ஹைடல்பெர்க் கணித மாநாட்டில் முன்வைத்த யோசனையின் சாரமும் இதுதான்: உராய்வு எல்லா இடத்திலும் முக்கியமில்லை, சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில் மட்டும் முக்கியம். போர்டில் இப்படி வந்து சேர்ந்தால், ஐந்தை மறந்ததற்காக யாரும் உங்களைத் தேற விடமாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

படிப்பதைப் பொறுத்தவரை குறைவாகச் சொல்கிறேன். இளநிலைப் பாடப்புத்தகம் போதும். மேல்நிலைப் புத்தகங்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் இந்த மாதங்களில் மூடி வையுங்கள். தோற்பவர்கள் பெரும்பாலும் அடிப்படையில்தான் தோற்கிறார்கள். தீர்த்து வைத்த கணக்குகளைப் பார்த்து 'ஆமாம், புரிகிறது' என்று தலையாட்டுவது படிப்பில் சேராது. யார் கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் அவர் நடத்தும் பாடத்தின் ஹோம்வொர்க் தாள்களை வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு பேராசிரியருக்கும் இரண்டு மூன்று செல்லக் கேள்விகள் உண்டு. எனக்கும் உண்டு, அதை இங்கே சொல்ல மாட்டேன்.

அதைவிட முக்கியமானது, நம்மவர்கள் செய்யவே மாட்டாதது: ஜனவரியில் உங்களுக்குத் தேர்வு வைத்த மூவரையும் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள். மின்னஞ்சலில் 'என் தேர்வில் எங்கே குறை இருந்தது என்று கேட்க இருபது நிமிடம் வேண்டும்' என்று ஒரே வரி. வருத்தம் தெரிவிக்க வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம், நோட்டும் பேனாவுமாகப் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தோற்ற பிள்ளை வாத்தியார் கண்ணில் படாமல் நடக்க வேண்டும் என்று நாம் வளர்ந்திருக்கிறோம். இங்கே அப்படி ஒதுங்கினால் அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். என்னிடம் அப்படி வந்து கேட்ட மாணவரை இரண்டாம் முறை பார்க்கும்போது, அவர் நன்றாகச் செய்ய வேண்டும் என்று எனக்கே இருக்கும். இதை நான் வெளியே சொல்லக் கூடாதுதான்.

ஆங்கிலம் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும் என்று நினைக்கிறேன். தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் மாற்றி, இலக்கணம் சரியா என்று பார்த்துவிட்டுப் பேசுவதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். இதற்கு ஒரே வழி, வாய் திறக்குமுன் கை ஓடட்டும். கேள்வி வந்ததும் படம் வரையுங்கள். குழாய், ஆரம், இரண்டு வெப்பநிலை, அம்புக்குறி. வரையும்போதே 'இது உள் ஆரம், இது வெளி ஆரம், நிலையான நிலை என்று எடுத்துக்கொள்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே போகலாம். அந்த வாக்கியங்களுக்கு இலக்கணமே வேண்டாம். அதற்குள் மனம் விஷயத்தைப் பிடித்துவிடும். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பச் சொல்லக் கேட்பதில் ஒரு குற்றமும் இல்லை. 'முப்பது நொடி யோசிக்கிறேன்' என்றும் சொல்லலாம். சொல்லிவிட்டு நிற்கும் மௌனத்தை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லாமல் நிற்பதுதான் எங்களுக்குக் கலக்கமாக இருக்கும்.

உங்கள் கைடு விஷயம். 'லேப் வேலையைக் குறையுங்கள்' என்று பொதுவாகக் கேட்டிருப்பீர்கள், அவரும் 'பார்க்கலாம்' என்றிருப்பார். பொதுவாகக் கேட்டதற்குப் பொதுவாகத்தான் பதில் வரும். காலண்டரோடு போங்கள். 'ஜூன் கடைசிக்குள் இந்த இரண்டு அளவீடுகளை முடித்துத் தருகிறேன். ஜூலை முழுக்கக் காலையில் மட்டும் லேபுக்கு வருகிறேன். தேர்வுக்கு முந்தைய மூன்று வாரம் வரவில்லை. தேர்வு முடிந்த மறுநாள் வருகிறேன்.' பேசிவிட்டு அதையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். நீங்கள் தேறாவிட்டால் அவருக்கும் நஷ்டம்: இரண்டு வருடச் சம்பளம், பயிற்சி எல்லாம் அவர் கிராண்டிலிருந்து (ஆய்வு நிதியிலிருந்து) போனது. அவருக்கு இது தெரியும், மறந்திருக்கிறார். அப்படியும் மசியவில்லை என்றால் துறையின் கிராஜுவேட் சேர் (ஆய்வு மாணவர்களுக்குப் பொறுப்பான பேராசிரியர்) ஒருவர் இருப்பார், அவரிடம் போகலாம். அது கைடைக் காட்டிக்கொடுப்பது ஆகாது. அந்தச் சேருடைய வேலையே அதுதான்.

கடைசியில் நீங்கள் நிஜமாகக் கேட்ட கேள்வி. தேறாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதானா? உடனே இல்லை. பெரும்பாலான துறைகளில் படித்து முடித்த பாடங்களை வைத்து எம்.எஸ். பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேற வழி இருக்கும். பட்டத்தோடு முடித்தால் எஃப்-1 மாணவர் விசாவில் 12 மாதம் ஓ.பி.டி.யில் (படிப்பை ஒட்டிய துறையில் வேலை பார்க்கும் அனுமதி) வேலை பார்க்கலாம், பொறியியலுக்கு அதன் மேல் இன்னும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. ஆனால் பட்டம் முடித்து வெளியேறுவதும் பாதியில் விலகுவதும் விசாக் கணக்கில் வேறு வேறு. முடித்தவருக்கு 60 நாள் அவகாசம். அனுமதி வாங்கி விலகியவருக்கு 15 நாள்தான். இந்த விதிகள் மாறிக்கொண்டிருப்பவை, அதனால் தேர்வுக்கு முன்பே பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். எம்.எஸ்.ஸுக்கு இன்னும் எத்தனை கிரெடிட் வேண்டும் என்று துறை அலுவலகத்திலும் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். அபசகுனம் என்று தள்ளிப்போட வேண்டாம். மாற்று வழி தாளில் எழுதி மேஜை டிராயரில் கிடந்தால் ராத்திரி தூக்கம் வரும். தூங்கிவிட்டு நிற்பவர்தான் போர்டில் யோசிக்க முடியும்.

வீட்டில் சொல்வது உங்கள் விருப்பம். நான் என் அப்பாவிடம் சொல்லவில்லை, அண்ணனிடம் மட்டும் சொன்னேன். 'இன்னொரு தடவை எழுதணுமா, சரி எழுது. சாப்பிட்டியா?' என்றான். அரியர் வைத்து எழுதிய அனுபவம் அவனுக்கு உண்டு. அப்படி ஒரு ஆளிடமாவது சொல்லிவிடுங்கள். ஆறு மாதமாக ஃபோனில் 'எல்லாம் நல்லா போகுது' என்று சொல்லிக்கொண்டிருப்பது லேப் வேலையைவிடக் களைப்பான வேலை.

முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் புத்தகத்தை மூடிவிடுங்கள். முடிந்தால் அந்த அறைக்குப் போய் ஒரு தடவை போர்டில் எதையாவது வரைந்து பாருங்கள், எந்த உயரத்தில் எழுதினால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிகிறது என்று. மறுநாள் தண்ணீர் பாட்டிலோடு நல்ல மார்க்கர் இரண்டும் கையோடு எடுத்துப்போங்கள். அந்த அறைகளில் கிடக்கும் மார்க்கர் எப்போதும் காய்ந்துதான் இருக்கும்.